நக்கோன் சி தம்மராத்தில் காலைச் சோறு

தாய்லாந்துச் சாப்பாடு என்றதும் பச்சைக் குழம்பும் பட் தாயும் நினைவுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவை நல்ல உணவுகள்தாம். ஆனால் பாங்காக்கிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் காரத்தை அடக்கத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் தாராளமாக விழும். தெற்கே, நாடு ஒடுங்கி மலேசியாவை நோக்கி நீளும் பகுதியில், நாக்கின் பழக்கமே வேறு. காரம் ஏறினால் அங்கே கை சர்க்கரைக்குப் போகாது, பச்சிலைக்குப் போகும்.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் மாதமாலிங்கத்தை இந்தப் பகுதியில் இருந்த தாம்பிரலிங்க நாடாக வரலாற்றாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்த ஆர்வத்தில்தான் முதலில் இங்குள்ள நக்கோன் சி தம்மராத் நகருக்கு ரயில் ஏறினேன். பாங்காக்கிலிருந்து 800 கிலோமீட்டருக்கும் மேல். இரவு முழுவதும் பயணம். இப்போதெல்லாம் நான் அங்கே போவது சாப்பிடத்தான்.

நான் போகும் கடை மகாதாது கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது. தகரக் கூரை, எஃகு மேசைகள், முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் வரிசையாகக் குழம்புத் தட்டுகள். காவ் கேங் கடை என்பார்கள்; சோறும் குழம்பும் விற்கிற கடை. பட்டியலைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் இல்லை. பெட்டிக்கு முன் நின்று விரலால் காட்ட வேண்டும். தட்டில் சோற்றைக் கொட்டி மேலே குழம்பை ஊற்றித் தருவார்கள். இரண்டு வகைக்கு 50 பாட். ஐஸ் தண்ணீரை நாமே பிடித்துக்கொள்ளலாம். விடிந்தும் விடியாததுமாகக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது: துறவிகளுக்குப் படைக்கக் குழம்பைப் பையில் கட்டி வாங்குகிறவர்கள், சீருடையில் பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வருகிறவர்கள். இவ்வளவு காரத்தை இவ்வளவு காலையில் உண்ணும் ஊர் எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

முதலில் கேங் சோம். நடுத்தாய்லாந்தில் இதே பெயரில் சிவந்த, சற்று இனிப்பான குழம்பு ஒன்று உண்டு. தெற்கத்திக் குழம்போ பச்சை மஞ்சளை இடித்துச் சேர்ப்பதால் பளீரென்று மஞ்சளாக இருக்கும். தேங்காய்ப் பால் கிடையாது. மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், கபி எனும் இறால் விழுது. இவற்றோடு கொடுவா மீனும் தென்னங்குருத்தும். புளிப்புக்கு நம் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த ஒரு காயைச் சீவிக் காயவைத்துப் போடுகிறார்கள். எலுமிச்சையின் கூர்மை அதில் இல்லை. நாக்கின் ஓரத்தில் தங்கி, மெதுவாக ஏறும் புளிப்பு. தென்னங்குருத்து அதை உறிஞ்சிக்கொண்டு, கடித்தால் நீர் விடுகிறது.

குவா க்லிங் அதற்கு நேர் எதிர். கொத்திய இறைச்சியை மசாலா விழுதோடு சட்டியில் போட்டு, ஈரம் வற்றும்வரை கிளறி, எலுமிச்சை நாரத்தை போன்ற வாசமுள்ள ஓர் இலையை நூலாக நறுக்கித் தூவுவார்கள். மிளகும் மிளகாயும் சேர்ந்து அடிக்கிற காரம். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, தை ப்லா. மீனின் குடலை உப்பிட்டு நொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் சுட்ட மீன், மூங்கில் குருத்து, கத்தரிக்காய், பயற்றங்காய் எல்லாவற்றையும் கொதிக்கவிடுவது. உப்பும் காரமும் கடலின் வாடையும் ஒன்றாக வரும். ஒரு கரண்டிக்கு அரைத் தட்டுச் சோறு வேண்டும். மீனில் எதையும் வீணாக்காத கடலோர மக்களின் சமையல் இது. நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி இலைகள். உட்கார்ந்தவுடன், கேட்காமலே, ஒரு தட்டு வந்துவிடும். பக் நோ என்று பெயர். வெள்ளரி, பயற்றங்காய், சிறகவரை, சின்னப் பச்சைக் கத்தரி, முந்திரி மரத்தின் சிவந்த தளிர், சத்தோ எனும் நாற்றமும் ருசியும் ஒருங்கே கொண்ட பெரிய அவரை விதை. தீரத் தீர நிரப்புவார்கள். தனிக் காசு இல்லை. பாங்காக்கிலிருந்து வருகிறவர்கள் பலர் இதை அலங்காரம் போல ஓரமாகத் தள்ளிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் குழம்பு பாதிச் சமையல்தான். மீதிப் பாதி இந்தத் தட்டில் இருக்கிறது.

மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது; எத்தனை குவளை குடித்தாலும் எரிச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். முந்திரித் தளிரை மென்றால் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்கிறது. குவா க்லிங்கின் காரம் அந்தத் துவர்ப்புக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க, மஞ்சளும் மிளகும் தனித்தனியாகத் தெரிகின்றன. தை ப்லாவின் உப்புக்கு வெள்ளரி. இறாலும் கபியும் சேர்ந்தால் சத்தோ. இவை தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்த ஜோடிகள்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் பக்கத்து மேசையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த ஒரு முதியவர். "இலையைத் தனியாகத் தின்னாதே, மகளே. கொஞ்சம் குழம்பை உள்ளே வைத்துச் சுருட்டு" என்றார். அவரே ஒன்றைச் சுருட்டிக் காட்டினார். கடைக்கார அம்மாளை எல்லோரும் "பா" என்று, பெரியம்மாவை அழைப்பது போல அழைக்கிறார்கள். தளிர் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "வாங்குவதா? வீட்டுக் கொல்லையில் மரம் நிற்கிறது" என்றார். சில நாள் தட்டில் லுக் நியங் என்ற கொட்டையும் இருக்கும். அதைப் பச்சையாக அதிகம் தின்றால் சிறுநீரகத்துக்குக் கெடுதல், ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கடைகளின் மசாலா விழுதிலேயே இறால் இருக்கிறது. "மீன் வேண்டாம்" என்றால் மட்டும் போதாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தோடு "ஜே" என்று எழுதியிருக்கும் கடைகளைத் தேடுங்கள்.

பாங்காக்கில் தெற்கத்திச் சமையலை மட்டுமே பரிமாறும் சோர்ன் என்ற உணவகத்துக்கு 2024 இறுதியில் மூன்று மிச்செலின் நட்சத்திரங்கள் கிடைத்தன. தாய்லாந்தில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் உணவகம் அதுதான். செய்தியைப் படித்து மனம் நிறைந்தது. ஆனால் இந்தச் சமையலை நாள்தோறும் உயிரோடு வைத்திருப்பது இருட்டிலேயே எழுந்து மஞ்சள் இடிக்கிற இந்தப் பெரியம்மாக்கள். அவர்களுடைய 50 பாட் சோற்றையும் அதே மரியாதையோடு உண்ண வேண்டும் என்பது என் பிடிவாதம்.

போவதென்றால் பத்து மணிக்குள் போய்விடுங்கள். நண்பகலில் தட்டுகள் பெரும்பாலும் காலி. பை லியங் கீரையை முட்டையோடு வதக்கியது இருந்தால் விடாதீர்கள். காரமே இல்லாத, குழந்தைகளும் உண்ணக்கூடிய உணவு. வெள்ளரியோடு நின்றுவிடாமல் முந்திரித் தளிரில் குவா க்லிங்கை வைத்துச் சுருட்டிச் சாப்பிட்டுப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.