அதிகம் உதைக்கும் ரைஃபிளுக்குக் குறைந்த பவர் ஸ்கோப்: எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ஜவ்வாது மலையிலோ அமிர்தியிலோ வேட்டைக்கு இடமில்லை. இருக்கவும் கூடாது. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ போய், அங்கே முறையான லைசென்ஸோடு எருமை வேட்டைக்குப் போகும் நம்ம ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு பத்தி இருக்கிறது.

“.375 எச் அண்ட் எச் வாங்கியாச்சு, 3-9 ஸ்கோப் போடவா, 4-12 போடவா?” என்றுதான் கேட்கிறார்கள். (.375 எச் அண்ட் எச் என்பது பெரிய விலங்குகளுக்கான தோட்டா வகை; 3-9 என்றால் 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்.) இரண்டும் வேண்டாம். 1-4, 1.5-5, மிஞ்சிப் போனால் 1-6. எருமையைச் சுடும் தூரம் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான். புதருக்குள் 30 மீட்டராகவும் சுருங்கும். அந்தத் தூரத்தில் 4 பவரில் பார்த்தால் கறுப்பு ரோமம்தான் தெரியும், தோள்பட்டை எது, வயிறு எது என்று பிரியாது. 1 பவரில் இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே சுடலாம். பக்கத்தில் நிற்கும் இன்னொரு மாடும் பார்வையில் இருக்கும்.

பவரை விட முக்கியமானது ஐ ரிலீஃப், அதாவது முழுப் படமும் தெரிய லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம். 9 சென்டிமீட்டருக்குக் குறைந்த எதையும் .375-இல் மாட்டாதீர்கள். 10 இருந்தால் நல்லது. அதைவிடப் பெரிய .416, .458 என்றால் 10-க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம். இது போதாமல் போனால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்துக்கு மேல் பிறை வடிவில் வெட்டிவிடும். காயம் ஆறிவிடும். ஆனால் அடுத்த குண்டிலிருந்து ட்ரிகரை அழுத்தும்போதே கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அதைப் போக்குவதுதான் கஷ்டம். பெட்டியில் போட்டிருக்கும் அளவு சில சமயம் குறைந்த பவருக்கானது. பவரைக் கூட்டினால் சில ஸ்கோப்புகளில் தூரம் குறையும். அதிகபட்சப் பவரில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது எடை. இதை ஏனோ யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 4 கிலோ சொச்சம் எடையுள்ள .375, சுட்டதும் விநாடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. .30-06-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உதை. அந்த வேகம் 2 மில்லி விநாடியில் வருவதாக வைத்துக்கொண்டால், 300 கிராம் ஸ்கோப்பை இழுத்துவர ரிங்குகள் (ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடிக்கும் வளையங்கள்) சுமார் 75 கிலோ விசையைத் தாங்க வேண்டும். 700 கிராம் ஸ்கோப் என்றால் 175 கிலோ. ஒவ்வொரு குண்டுக்கும் இப்படித்தான். லியூபோல்ட் 1.5-5×20 மாதிரியான ஸ்கோப் 300 கிராமுக்குள் அடங்கும். 1-6×24 வகைகள் பெரும்பாலும் 450-ஐத் தாண்டும். ஏஆர் ரக (ராணுவப் பாணி) ரைஃபிள்களை மனதில் வைத்துச் செய்த சில 1-8, 1-10 ஸ்கோப்புகள் இன்னும் கனம். அவற்றில் இருக்கும் கோடும் புள்ளியும் எருமை வேட்டைக்கு எதற்கும் உதவாது. தடித்த டூப்ளெக்ஸ் அல்லது ஜெர்மன் 4-ஆம் எண் ரெட்டிக்கிள் (உள்ளே தெரியும் குறிக்கோடு), நடுவில் எரியும் ஒரு சிவப்புப் புள்ளி, இவ்வளவு போதும். செகண்ட் ஃபோக்கல் பிளேனாக, அதாவது பவரை மாற்றினாலும் கோட்டின் தடிமன் மாறாத வகையாக, இருக்கட்டும். ஃபர்ஸ்ட் ஃபோக்கலில் 1 பவருக்கு வந்தால் கோடு நூலாக மெலிந்து நிழலில் மறைந்துவிடும்.

முன் லென்ஸ் 20, 24 மி.மீ. தானே, அந்தியில் தெரியுமா என்ற பயம் தேவையில்லை. 24-ஐ 4 பவரால் வகுத்தால் 6 மி.மீ. ஒளிக்கற்றை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்மணி விரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஸ்கோப்புக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு ரிங்கில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. “ஜீரோ நிற்கவில்லை” (குறி வைத்த இடத்தில் குண்டு விழவில்லை) என்று வரும் புகார்களில் ரிங்கையும் அதைத் தாங்கும் பேஸையும் சோதிக்காமல் ஸ்கோப்பைக் குறை சொல்லாதீர்கள். பேஸைப் பிடிக்கும் ஸ்க்ரூ வழக்கமாக 6-48 அளவு. இந்த உதைக்கு அது மெலிது. நல்ல கன்ஸ்மித்திடம் கொடுத்து அதைவிடத் தடித்த 8-40 அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சிஇசட் 550, ரூகர் எம்77 போன்றவற்றில் ரிங் உட்காரும் இடம் ரிசீவரிலேயே, அதாவது துப்பாக்கியின் உடலிலேயே, கடைந்திருப்பதால் இந்தத் தலைவலி இல்லை.

மாட்டும்போது ஒரு விஷயம். ரைஃபிள் பின்னால் போகும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். ஆகவே ரைஃபிளை வைத்துப் பார்த்தால் ஸ்கோப் முன்னால்தான் நழுவும். பிக்கட்டினி (குறுக்குப் பள்ளங்கள் உள்ள) பேஸில் ரிங்கை வைத்து, பள்ளத்தின் முன் விளிம்பில் முட்டும்வரை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள். முன்னால் இடைவெளி விட்டால் முதல் சில குண்டுகளிலேயே நகரும். ரிங்கின் உட்புறத்தையும் டியூபையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் ஆக்குங்கள். ரிங் ஸ்க்ரூ 17 முதல் 20 அங்குல-பவுண்டு, அதாவது 2 நியூட்டன் மீட்டரை ஒட்டி. ரிங் செய்த கம்பெனி வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. கைக்கணக்கு வேண்டாம், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வையுங்கள். அதிகம் முறுக்கினால் டியூப் நசுங்கி, பவர் வளையம் இறுகி, கிளிக் திருகியும் குறி நகராமல் போகும். நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) பேஸ் ஸ்க்ரூவுக்கு மட்டும். ரிங் ஸ்க்ரூவில் அதை ஈரமாகத் தடவினால் அதே முறுக்குக்கு அழுத்தம் கூடிவிடும்.

.375 தோட்டாவே 91 மி.மீ. நீளம். அதற்கேற்ப, தோட்டாவை ஏற்றும் பகுதியான ஆக்‌ஷனும் நீளம், ஸ்கோப்போ குட்டை. டரட்டுக்கு (குறியைத் திருத்தும் திருகுக்கு) முன்னும் பின்னும் ரிங் பிடிக்க எவ்வளவு இடம் இருக்கிறது, இரண்டு பேஸுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

பவரை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றிக் கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் தெரிய வேண்டும். நின்றபடி மட்டும் பார்க்காமல் உட்கார்ந்தும், மேட்டைப் பார்த்தும் பாருங்கள். அந்த நிலைகளில் முகம் தானாக முன்னால் போகும், வெட்டு விழுவதும் அப்போதுதான்.

ஏர் ரைஃபிள்காரர்களுக்கு: ஸ்பிரிங் பிஸ்டன் துப்பாக்கியை மென்மையானது என்று நினைக்காதீர்கள். பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும்; பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் எகிறும். ஒரு பக்க உதைக்கு மட்டும் செய்த ஸ்கோப்பில் ரெட்டிக்கிள் அறுந்துவிடும், லென்ஸ் கழன்றுவிடும். ‘ஏர்கன் ரேட்டட்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள், ஒற்றைத் துண்டு மவுண்டும், அது நழுவாமல் தடுக்கும் ஸ்டாப் பின்னும் கட்டாயம். 10 மீட்டரில் ஃபோகஸ் ஆகிறதா என்றும் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் ரிங்கிலிருந்து டியூப் வரை மெல்லியதாக ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போடுங்கள். நழுவினால் கோடு உடையும். 20 குண்டுக்குப் பிறகு ஸ்க்ரூக்களைச் சோதியுங்கள். 1 பவரில் மூன்று, 4 பவரில் மூன்று சுட்டு, இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். தோள் வலிக்கு பயந்து ஈய மூட்டை அடுக்கிய ஸ்லெட்டில் (உதையைத் தடுக்கும் தாங்கியில்) ரைஃபிளைக் கட்டிவைக்காதீர்கள். பின்னால் போக வழியில்லாத உதை கட்டையைப் பிளக்கும், ஸ்கோப்பையும் பதம் பார்க்கும்.

விடுமுறைக்கு ஸ்கோப்போடு ஊருக்கு வருபவர்களுக்கும் ஏர் ரைஃபிள்காரர்களுக்கும் இன்னொன்று. மே மாத வேலூர் வெயிலில் பூட்டிய காருக்குள் ஸ்கோப்பை விட்டு வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிப் பூச்சைத் தின்றுவிட்டால் அப்புறம் துடைத்தாலும் போகாது. ஆம்பூரில் தைத்த தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் மூடி வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா ஜெல், மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் லென்ஸைப் பார்ப்பது, இவ்வளவும் செய்யுங்கள்.