முட்டையில்லா ஈஸ்டர்: நாகர்கோவில் நாட்குறிப்பு

17 ஏப்ரல் 2025, பெரிய வியாழன்

எதிர்வீட்டுச் சீரோ மலபார் (கேரளக் கத்தோலிக்கப் பிரிவு) குடும்பத்தார் இரவு, இயேசுவின் கடைசி இராவுணவை நினைந்து பெசகா அப்பம் பிட்டபோது என்னையும் அழைத்திருந்தார்கள். அரிசிமாவு, உளுந்து, தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம் சேர்த்துப் புளிக்க வைக்காமல் அவித்த அப்பத்தின்மேல் குருத்தோலைச் சிலுவை இருந்தது. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்துக் காய்ச்சிய பால். இறைச்சி, முட்டை, பால், தேன் எல்லாம் தவிர்த்து வீகனாக உண்பவளான நான் எதையும் விலக்க வேண்டியிருக்கவில்லை.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒருவேளை மட்டுமே முழு உணவு. வழிபாடு முடிந்து வந்து கஞ்சியும் சிறுபயறும் உண்டோம். சுத்தபோசனம் என்னும் உணவு விலக்கு இக்காலத்தில் இறைச்சியை மட்டுமே விலக்குகிறது; முற்காலத்தில் மேலைத் திருச்சபையிலும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலத்தில் முட்டையும் பாலும் விலக்கப்பட்டிருந்தன. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இன்றும் 55 நாள் அவ்வாறே நோன்பிருக்கிறார்கள். நோன்பு மனிதருக்குத்தானே தவிர கோழிகளுக்கு இல்லை என்பதால், அந்நாள்களில் சேர்ந்துவிடும் முட்டைகள் உயிர்ப்பு நாளின் விருந்துப் பொருளாயின. ஆகவே வீகனுக்குத் தவக்காலம் எளிது. ஈஸ்டர் காலைதான் கடினம்.

19 ஏப்ரல், சனி

அக்காவின் பிள்ளைகள் முட்டை கேட்டிருந்தார்கள். கடைகளில் விற்கும் மார்சிபான் (பருப்பும் சர்க்கரையும் பிசைந்த இனிப்பு) முட்டையில் வெள்ளைக்கரு சேர்வதும் உண்டு என்பதால், முந்திரியை நைசாகப் பொடித்துச் சர்க்கரைப் பாகில் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே முட்டையாக உருட்டினேன். ஆறிவிட்டால் வெடிப்பு விழும். நிறத்துக்குப் பீட்ரூட் சாறும் மஞ்சளும் போதும். அப்பத்துக்கு மாவரைத்து வைத்துவிட்டு, இரவு ஈஸ்டர் திருவிழிப்பு வழிபாட்டுக்குச் சென்றோம். அதில் பாஸ்கா மெழுகுதிரியின் முன் பாடும் பாஸ்கா புகழுரையில் மெழுகுதிரிக்காகத் தேனீக்களின் உழைப்பு போற்றப்படுகிறது. தேனைத் தொடாத எனக்கு அந்த வரியில் ஒவ்வோர் ஆண்டும் மெல்லிய சிரிப்பு வந்துவிடும்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

அப்பத்துக்கு இடிச்சக்கை இஷ்டு, அதாவது பிஞ்சுப் பலாக்காயில் தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு. சோயாவில் போலிக்கறி செய்து விருந்தினரை ஏமாற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. சக்கை சக்கையாகவே ருசிக்கட்டும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி, பிசினைத் துடைத்துத் துடைத்து நறுக்கி, இரண்டாம் பாலில் பட்டை, கிராம்பு, இஞ்சி, பச்சைமிளகாயுடன் நார் பிரியும்வரை வேகவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே முதற்பாலை ஊற்றினேன், கொதித்தால் திரிந்துவிடும். அம்மா வைத்த ஆட்டுக்கறியும் மேசையில் இருந்தது. அதை நான் தடுக்கவில்லை. பெரியப்பா இரண்டையும் ஊற்றிக்கொண்டார். “இஷ்டுவுக்கு இன்னும் கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டிருக்கலாம் மக்களே” என்றார். அது சரியான பேச்சுதான்.