பால் இருந்தது, வாய்தான் பிடிக்கலை

பையன் பிறந்து பத்தொன்பது நாள் ஆகுது. இன்னைக்குத்தான் ஒரு கையில் அவன், இன்னொரு கையில் போன் என்று உட்கார முடிந்தது.

சிசேரியன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வினை அன்று ராத்திரி ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் போஸ்டர். குழந்தை என் கைக்கு வந்ததோ ஆறு மணி நேரம் கழித்து. ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு வீறிட்டான். டியூட்டி சிஸ்டர் மார்பை ஒரு பிதுக்கு பிதுக்கிப் பார்த்து, "பாலே ஊறலை, பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார். என் வீட்டுக்காரர் நடுராத்திரியில் மெடிக்கலுக்கு ஓடினார். முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் போலத்தான் தேவை, அதற்குச் சீம்பாலே போதும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் பால் ஊறுவதற்குப் பூண்டுப் பால், பால்சுறாப் புட்டு என்று அத்தை ஒரு பக்கம். எனக்கோ காம்பு வெடித்து ரத்தம். அவன் வாய் வைத்தாலே அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும். தையல் பிரிந்துவிட்டதோ என்று பயந்தேன். அது கர்ப்பப்பை சுருங்குகிற வலியாம், உதிரப்போக்கைக் குறைக்குமாம். விட்டுவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம் சித்தி ஞாபகம். அவங்களுக்கு மார்பகப் புற்றுநோய். தாய்ப்பால் கொடுத்தால் அந்த அபாயம் குறையும் என்பது எனக்கு வெறும் போஸ்டர் வாசகம் இல்லை.

பிறந்தபோது 2.900 கிலோ, ஐந்தாம் நாள் 2.650. (முதல் சில நாளில் பத்து சதவீதம் வரை இறங்குவது உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.) மறுநாளே, தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித்தருகிற லாக்டேஷன் மேடத்தைப் பார்க்க பெரம்பூரிலிருந்து அடையாறுக்கு ஆட்டோ. மெட்ரோவுக்குத் தோண்டிய ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு போனால், "லாக்டேஷன் மேடம் செவ்வாய், வியாழன்தான் வருவாங்க." காலையில் போனில் "வாங்க" என்றதும் அதே ரிசப்ஷன் பெண்தான்! 'யார், எத்தனை மணிக்கு' என்று ரெண்டையும் கேட்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீங்க.

அடுத்த நாள் வியாழன், அதே குழிகள். அந்த மேடம் பால் வருதா என்று கேட்கவே இல்லை. "கொடுங்கம்மா, பார்க்கிறேன்" என்றார். பார்த்தது ரெண்டே நிமிஷம். "காம்பை மட்டும் கடிக்கிறான்."

குழந்தையைக் கக்கத்தில் இடுக்கி, கால் என் முதுகுப் பக்கம் போகிற மாதிரி வைத்தார். தையலில் பாரமே இல்லை. அவன் கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறக்கும்வரை காத்திருந்து, சட்டென்று அணைத்தார். கருவளையம் பெரும்பாலும் வாய்க்குள்ளே, கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் பதிந்து. மடக், மடக். ஏழு நாளில் முதல் தடவையாக அவன் விழுங்குகிற சத்தம் கேட்டது. எனக்கு வலியே இல்லை. அழுதுவிட்டேன்.

புண் ஆறும்வரை ராத்திரியில் பீய்ச்சி எடுத்துப் பாலாடைச் சங்கில் கொடுத்தோம். பவுடர் தேவைப்படுகிற குழந்தைகளும் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. வாயைப் பார்க்காமலே டப்பாவை நீட்டியதில்தான் என் கோபம். பால் போதுமா என்று குழம்பினால் ஈரத்துணியை எண்ணுங்க: ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் குறைஞ்சது ஆறு துணி நனையணும். நனையலைன்னா உடனே டாக்டர்.

நேற்று எடை 3.100. ரசீதை அத்தையிடம் காட்டினேன். "பார்த்தியா, பால்சுறா!" என்றார்கள்.