டாக்சி ஓட்டப் போன ஞானி

ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1944இல் வெளியிட்ட ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலை ஒருவழியாகப் படித்து முடித்தேன். நாயகன் லாரி, முதல் உலகப் போரில் விமானம் ஓட்டிய அமெரிக்க இளைஞன். அவனைக் காப்பாற்றப் போய் நண்பன் சாகிறான். அந்தச் சாவு இவனை விடவில்லை. வேலை வேண்டாம் என்கிறான், நிச்சயித்த கல்யாணமும் நின்றுபோகிறது. பாரிஸ், நிலக்கரிச் சுரங்கம், ஜெர்மனி என்று அலைந்து இந்தியா வருகிறான்.

மாம் 1938இல் திருவண்ணாமலை வந்தவர். ரமணரைப் பார்க்கும் முன்பே மயங்கி விழுந்துவிட, ரமணரே அவர் இருந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தாராம். நாவலின் குருவிடம் அந்தச் சாயல் நன்றாகவே தெரிகிறது. ஆனால் ஆசிரமத்தை மட்டும் திருவிதாங்கூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் மனுஷன்! திருவண்ணாமலை, பாண்டியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர் ஆயிற்றே, எனக்கு இதில் சின்ன வருத்தம்.

மலைமேல் விடியற்காலையில் லாரிக்கு ஞானம் கிடைக்கிறது. நம்மூர்க் கண்ணுக்கு அது கொஞ்சம் கலர் தூக்கலான காட்சிதான். அதற்கு அப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்தது. காவி கட்டவில்லை, சீடர் சேர்க்கவில்லை. பணத்தை விட்டுவிட்டு நியூயார்க்கில் டாக்சி ஓட்டப் போகிறேன் என்கிறான். பாண்டி கடற்கரைச் சாலையில் யோகா பாயோடு போகிற வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பி என்ன செய்வார்கள் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

லாரி தன் இந்திய அனுபவத்தைச் சொல்லும் அத்தியாயத்தை வேண்டுமானால் தாண்டிப் போகலாம் என்று மாமே எழுதியிருக்கிறார். தாண்டிவிடாதீர்கள்.