உலோகத்தின் மேல்தோல்

உலோக அணுக்களைத் தெறிக்கவைத்து மெல்லிய படலமாகப் படியவைக்கும் ஸ்பட்டரிங் அறையிலிருந்து புதிய படலம் ஒன்று வெளியே வந்தால், நான் முதலில் கொண்டுபோவது அதன் காந்தத்தன்மையை ஒளியால் பார்க்கும் கெர் மேசைக்குத்தான். சிவப்பு ஹீலியம்-நியான் லேசர், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் இரண்டு, ஒரு மின்காந்தம், ஒரு ஒளி டிடெக்டர். அடிப்படையில் அவ்வளவுதான்.

காந்தமேற்றிய உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் கொஞ்சம் திரும்பிவிடும். லேசரே இல்லாத காலத்தில், 1877-இல், ஸ்காட்லாந்தின் ஜான் கெர் இதை வெளியிட்டார். நான் அளக்கும் மெல்லிய படலங்களில் அந்தத் திருப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பிடித்துவிட முடிகிறது என்பது இன்றும் எனக்கு வியப்பு.

பிடிப்பது இரண்டாவது போலரைசரின் வேலை. அதைத் திருப்பத் திருப்ப, அட்டையில் விழும் சிவப்புப் புள்ளி மங்கி, ஏறக்குறைய அணைந்துபோகும். புதிதாக வரும் மாணவர்கள் அங்கேயே நிறுத்திவிடப் பார்ப்பார்கள். அது சரிவராது. முழு இருட்டில் தளம் இடப்பக்கம் திரும்பினாலும் வலப்பக்கம் திரும்பினாலும் வெளிச்சம் ஒரே மாதிரிதான் கூடும். ஒன்றிரண்டு டிகிரி விலக்கி வைத்தால் ஒரு பக்கத்துக்குக் கூடும், மறுபக்கத்துக்குக் குறையும். அப்புறம் காந்தப்புலத்தை ஏற்றி இறக்கினால் திரையில் தயக்கக் கண்ணி, அதாவது புலத்துக்குப் பின்தங்கியே காந்தமாக்கல் மாறுவதைக் காட்டும் மூடிய வளைகோடு, வரையப்படும். போலரைசரை இருட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தால் கண்ணி தலைகீழாக வேண்டும். ஆகாவிட்டால் அந்த அளவீட்டை நான் நம்புவதில்லை.

நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மல்லாய் படலத்தில் இது பார்க்கவே அழகு. சில ஓர்ஸ்டெட் அளவே உள்ள மிகச் சிறிய புலத்திலேயே காந்தம் சட்டென்று புரண்டு, கண்ணி சதுரமாக நிற்கும். படலத்தை அதன் தளத்திலேயே 90 டிகிரி சுழற்றி வைத்தால் சதுரம் போய்ச் சாய்ந்த கோடு வரும். எளிதில் காந்தமாகும் திசை எது என்று உடனே தெரிந்துவிடும்.

இந்த முறை காந்தமாக்கலின் முழு அளவைச் சொல்லாது. அதற்கு வேறு கருவி வேண்டும். ஒளியும் உலோகத்துக்குள் பத்து இருபது நானோமீட்டருக்கு மேல் போய்த் திரும்பாது. மேல்தோலை மட்டுமே பார்க்கும். பலர் இதைக் குறையென்பார்கள். எனக்கு இதுதான் இதன் பலம். 1985-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில், தங்கத்தின் மேல் ஓரிரு அணு அடுக்கு கனமே உள்ள இரும்பின் கண்ணியை இப்படித்தான் எடுத்தார்கள்.

கண்ணாடியில் படிந்த 100 நானோமீட்டர் படலத்தை முன்பக்கம் ஒருமுறை, கண்ணாடி வழியாகப் பின்பக்கம் ஒருமுறை அளப்பேன். இரண்டு கண்ணிகளும் வேறுபட்டால், படலம் அடியிலிருந்து மேல்வரை ஒரே மாதிரி வளரவில்லை என்று பொருள். மொத்தப் படலத்தையும் சேர்த்து அளக்கும் கருவியில் அந்த வேறுபாடு கலந்து மறைந்துவிடும்.