அன்டோனியா பிரிகோ

அன்டோனியா பிரிகோவை நினைத்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

1902இல் ராட்டர்டாமில் பிறந்தவர். வளர்ப்புப் பெற்றோருடன் கலிஃபோர்னியாவில் வளர்ந்து, பெர்லினில் இசைநடத்துநர் (ஆர்கெஸ்ட்ராவின் முன் நின்று அதை வழிநடத்துபவர்) படிப்பை முடித்து, 1930இல் புகழ்பெற்ற ஆர்கெஸ்ட்ராவான பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கையே நடத்தினார். 1933இல் நியூயார்க்கில் ஒரு கச்சேரித் தொடர். இரண்டு நல்லபடியாக நடந்தன. மூன்றாவதில் பாட வேண்டிய ஜான் சார்லஸ் தாமஸ், பெண் நடத்தினால் மேடையேற மாட்டேன் என்று நின்றுவிட்டார். கச்சேரியை இழந்தது பிரிகோதான்!

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1934இல் டிரம்பெட், டிம்பனி என்ற பெரிய மேளம் வரை பெண்களே வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். 1938இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய முதல் பெண்ணும் அவரே.

அப்புறம் அமெரிக்காவின் டென்வர் நகரத்து வாழ்க்கை. பியானோ வகுப்புகள், உள்ளூர் இசைக்குழு, வருஷத்துக்கு நாலைந்து கச்சேரி. வயலின்காரர் வீட்டில் தனியாக வாசித்துக்கொள்ளலாம். இசைநடத்துநருக்கு எதிரே ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்திருந்தால்தானே வாத்தியமே இருக்கிறது? அதைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

அவரிடம் பியானோ படித்த பாடகி ஜூடி காலின்ஸ், 1974இல் டீச்சரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். பெரிய மேடைகள் மறுபடி கூப்பிட்டன. பிரிகோவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. போய் நடத்தினார்.