நான் பொரித்த மீனை நானே உட்கார்ந்து சாப்பிட்ட நாள்

பெங்களூரில் ஒரு ப்ரூவரி ரெஸ்டாரன்டில் நாலரை வருடம் எண்ணெயில் பொரிக்கிற ஃப்ரையர் ஸ்டேஷனில் நின்றிருக்கிறேன். பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே பரிமாறுகிற இடம். 2010-க்குப் பிறகு இந்த ஊரில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த கடைகளில் அதுவும் ஒன்று. மெனுவைத் திறந்தால் மெக்சிகோவின் நாச்சோஸ், இங்கிலாந்தின் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் (மாவில் தோய்த்துப் பொரித்த மீனும், நீளமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கும்), ஜெர்மனியின் ப்ரெட்சல் ரொட்டி, தாய்லாந்தின் துளசி சிக்கன், நடுவில் மங்களூர்ப் பக்கத்து நெய் ரோஸ்ட் என்று உலகமே இருக்கும். சமைத்தவர்களில் நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரன். பீட்சா அடுப்பில் ஒடிசாத் தம்பி, வோக் என்கிற சீனச் சட்டியில் நேபாளத்து அண்ணன், தந்தூரில் உத்தராகண்ட்காரர் ஒருவர்.

மெனுவில் இருந்த வெளிநாடுகள் எதையும் எங்களில் யாரும் பார்த்ததில்லை. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டை ஒருமுறைகூட உட்கார்ந்து முழுதாகச் சாப்பிடாமலேயே சமைத்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் உறுத்துகிறது. ஸ்டாஃப் சாப்பாடு சோறும் பருப்பும், சில நாள் முட்டைக் குழம்பு. காலி க்ரேட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்வோம். சாஸை ஸ்பூன் நுனியில் தொட்டு உப்புப் பார்ப்பதோடு ருசி பார்க்கிற வேலை முடிந்தது. காசு கொடுத்துச் சாப்பிடலாமே என்றால், ஒரு பிளேட் மீன் அன்றைக்கு என் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம்.

சனிக்கிழமை ராத்திரிகளில் என் மீன் பிளேட் மூன்று நான்கு திரும்பி வரும். "சிப்ஸ் நமத்துப்போச்சாம்" என்று பரிமாறுகிறவர்களுக்குத் தலைவரான கேப்டன் சொல்லிவிட்டுப் போவார். நான் எண்ணெயைப் பார்ப்பேன், 180 டிகிரி சரியாக இருக்கும். மைதா, கார்ன்ஃப்ளோர், ஜில்லென்ற பீர், இவ்வளவுதான் மாவு. பீரில் இருக்கிற வாயு எண்ணெயில் பட்டதும் நுரைத்துக் கிளம்பும். அதனால்தான் மேல்தோல் லேசாக, மொறுமொறுவென்று வரும். பரிமாறுகிறவர்கள் எடுத்துப்போகிற மேடையான பாஸில் வைக்கும்போது விரலால் தட்டினால் டக்கென்று சத்தம் கேட்கும். அப்புறம் எங்கே தப்பு? தெரியாமலே ஒரு வருடம் திட்டு வாங்கினேன்.

அந்தச் சமயத்தில் ஒரு புது ஷெஃப் வந்தார். ஒரு திங்கட்கிழமை மதியம், கூட்டமில்லாத நேரம், என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்ரனைக் கழற்றிட்டு மாடிக்குப் போ. பதினாலாம் டேபிள்ல உட்காரு."

"எதுக்கு ஷெஃப்?"

"ஆர்டர் குடு. கஸ்டமர் மாதிரி."

எனக்குக் கை கால் எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. தினமும் பார்க்கிற பையன் தண்ணீர் ஊற்றினான், "சார்" என்றான். மீன், நாச்சோஸ், ப்ரெட்சல் மூன்றும் சொன்னேன். மீன் தயாராகி, நாச்சோஸுக்காக பாஸில் காத்து, இரண்டு மாடி ஏறி என் முன்னால் வந்தது. மேலே இருந்த மீன் நன்றாகத்தான் இருந்தது. அதன் அடியில் குவித்திருந்த சிப்ஸை எடுத்தேன், துவண்டு தொங்கியது. நூறு தடவையாவது நானே அப்படித்தான் அடுக்கியிருக்கிறேன். மீனின் ஆவி முழுக்கக் கீழே இருக்கிற சிப்ஸுக்குள் இறங்குகிறது. அடுப்படியில் நின்று பார்த்த எனக்கு, தட்டு பாஸில் காத்து மாடி ஏறுகிற அந்த ஏழெட்டு நிமிடம் கண்ணிலேயே படவில்லை. மறுநாளிலிருந்து மீனைப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம், அடியில் சின்னக் கம்பி வலை போட்டோம். நாச்சோஸ் கிளம்பத் தயாரான பிறகே மீனை எண்ணெயில் போட்டேன்.

ஷெஃப் எதிரே வந்து உட்கார்ந்து நாச்சோஸின் கதையைச் சொன்னார். 1940-களின் தொடக்கத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டிய பியேத்ராஸ் நேக்ராஸ் என்ற மெக்சிகோ ஊரில், சாப்பிட வந்த சில பெண்களுக்குச் சமைத்துக் கொடுக்கச் சமையற்காரர் இல்லை. பரிமாறும் பகுதியைக் கவனித்துவந்த இக்னாசியோ அனயா தானே உள்ளே போய், இருந்த டார்ட்டியா என்கிற மக்காச்சோள ரொட்டியை நறுக்கிப் பொரித்து, சீஸும் மிளகாயும் போட்டுக் கொண்டுவந்தாராம். அவருடைய செல்லப் பெயர்தான் நாச்சோ. அதுவரை எனக்கு அது ஒரு கே.ஓ.டி. சீட்டில், அதாவது கிச்சனுக்கு வரும் ஆர்டர் சீட்டில், வரும் எழுத்து மட்டும். அதன் பிறகு அந்தத் தட்டில் சீஸ் ஒரு ஓரத்தில் கட்டியாக நின்றால் எனக்கே பொறுக்காது.

அன்றைக்குப் பீர் காய்ச்சுகிற ப்ரூவரும் மேலே வந்தார். ஐந்து சின்னக் கிளாஸ் வைத்தார், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். நான் குடிப்பவன் இல்லை, ருசி தெரிந்துகொள்வதற்காகத் தொட்டுப் பார்த்தேன். ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வந்தது. பழம் எதுவும் போடுவதில்லை, ஈஸ்ட் புளிக்கவைக்கும்போது தானாக உண்டாகிற வாசனை என்றார். அடுத்தது பெல்ஜியம் பாணி. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே எனக்குத் தெரிந்த வாசனை.

"தனியாவா?"

"தனியாதான். ஆரஞ்சுத் தோலும் இருக்கு."

எனக்கு எங்கள் வீட்டு அம்மிக்கல் நினைவு வந்துவிட்டது. பீருக்குப் போடுகிற மால்ட் என்றால் என்னவென்று அப்போதுதான் கேட்டேன். பார்லியை ஊறவைத்து, முளைக்கவிட்டு, உலர்த்துவது. முளைக்கும்போது உண்டாகிற நொதிகள், பிறகு சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை வந்ததும் காயவைத்து வறுத்து அரைத்து என் அம்மா தம்பிக்குக் கஞ்சி காய்ச்சுவார். அதே வேலையின் முதல் பாதி! தினமும் அந்த ஸ்டீல் டாங்குகளைத் தாண்டித்தான் உள்ளே போவேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. மறுநாள் நின்றேன். சத்து இறங்கிய பார்லிச் சக்கை மாட்டுத் தீவனத்துக்கு டெம்போவில் போகும். அதில் ஒரு பாத்திரம் எடுத்து உலர்த்திப் பீட்சா மாவில் கலந்து பார்த்தான் ஒடிசாத் தம்பி. ரொட்டியின் ஓரம் கருப்பட்டி நிறத்தில், கொஞ்சம் வறுத்த தானிய மணத்தோடு வந்தது. பீட்சாக்களில் எனக்கு இன்றும் அதுதான் பிடிக்கும்.

ப்ரெட்சலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோடா கலந்த தண்ணீரில் முக்கிச் சுடுவதால்தான் அதற்கு அந்தச் சிவந்த தோல். மேலே தூவுகிற கல் உப்பைத் தனியாகத் தின்றுபார்த்து, அதிகம் என்று எப்போதும் பாதியைத் தட்டிவிடுவேன். கசப்பான பீரை ஒரு வாய் வைத்துக்கொண்டு கடித்தபோதுதான் அந்த உப்பு எதற்கு என்று புரிந்தது.

இதையெல்லாம் நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த ஷெஃப் ஒரு மதியத்தை எனக்காக ஒதுக்கினார், அவ்வளவுதான். முதலாளிகளிடம் இதைச் சொன்னால் முதலில் செலவுக் கணக்குதான் பார்க்கிறார்கள். திரும்பி வந்த பிளேட்டுகளையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

இப்போது வேறு ஒரு கிச்சனில் எனக்குக் கீழே ஆறு பேர். புதிதாகச் சேர்கிறவர்களை முதல் வாரத்திலேயே டேபிளில் உட்காரவைத்துவிடுவேன். போன மாதம் அஸ்ஸாமிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் தாய் சிக்கனைச் சாப்பிட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

"என்னடா, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு அண்ணா. சோறு பத்தல. இந்தக் காரத்துக்கு இன்னும் ஒரு கரண்டி வேணும்."

கீழே போய் அளவுக் கிண்ணத்தை மாற்றச் சொன்னேன்.